சம்பந்தி தெருவில் கழலாத புல்லி

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு
தாமல்

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ஜூலை முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. "ஏதாவது செஞ்சாதானே எழுதறதுக்கு" என்றாள் மணியம்மாள். முப்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அவள் வாய்முகூர்த்தம், சாயங்காலமே ஒரு வேலை வந்துவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளை தினகரன் போன் செய்தார். அவருடைய பழைய வெள்ளைக் காரில் டைமிங் பெல்ட் மாற்றும் காலம் எப்போதோ தாண்டிவிட்டதாம். மெக்கானிக் முனிசாமி, ஷெட் நிறைய வண்டி நிற்கிறது, பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டானாம். செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை தீபிகாவுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைப் பிரசவத்துக்கு இங்கே தாமலுக்கு அழைத்து வரவேண்டும். அந்தக் காரில்தான் வருவாள். வழியில் பெல்ட் அறுந்தால் இன்ஜின் உள்ளேயே ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும்.

"முனிசாமி எதுக்கு மாப்ள? அவனுக்கு ஸ்பேனர் புடிக்கக் கத்துக்குடுத்ததே நாந்தான். நானே வந்து மாத்திடறேன்" என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பார்.

எனக்குத் தெரியாத இன்ஜினா? டிராக்டர் ஓட்டியவன், லாரி ஓட்டியவன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒரு தடவை படித்தவனைவிட இரண்டு மடங்கு தெரிந்திருக்குமா இல்லையா?

இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கேதானே எழுதிக்கொள்ள முடியும். சம்பந்தி வேணுகோபால் பட்டுத் தறிக்காரர், குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்பவர். இரண்டு வருஷத்தில் என்னிடம் பேசியது மொத்தம் பதினைந்து சொல். வாங்க சம்பந்தி. சாப்பிடுங்க சம்பந்தி. போய்ட்டு வாங்க சம்பந்தி. — எண்ணிப் பார்த்தால் ஏழுதான் வருகிறது. சரி, ஏழு.

குறை அவர்மேல் இல்லை. தீபிகா அந்த வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில் நான் ஒன்று சொன்னேன். "குழியில உக்காந்து நூலு எண்ணிக்கினு இருக்கிறவங்க வூட்டுக்கா என் பொண்ணு?" டீக்கடைப் பேச்சு பஸ்ஸைவிட வேகமாக காஞ்சிபுரம் போகும். போனதா, போய் அவர் காதில் விழுந்ததா, இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

அந்தக் காரை அவர் வாசலில் வைத்தே பிரித்துப் பூட்டிக் காட்டினால், அந்தப் பேச்சு போயே போய்விடும்.


27 ஆகஸ்ட், புதன். விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை பதினெட்டு சாப்பிட்டேன். எட்டு என்கிறாள் மணியம்மாள். டூல்ஸ் பெட்டியைத் துடைத்து, பிள்ளையார் முன்னால் வைத்து எடுத்தேன்.


30 ஆகஸ்ட், சனி
காஞ்சிபுரம், சம்பந்தி வீடு

இன்று ஆரம்பித்தேன். ஐந்தாம் தேதிவரை இங்கேதான் ஜாகை. மணியம்மாளும் வளைகாப்பு வேலைக்கென்று கூட வந்துவிட்டாள். வேலைக்கு அல்ல, என்னைப் பார்த்துக்கொள்ள என்று சம்பந்தியம்மா தையல்நாயகியிடம் சொன்னதாக என் காதில் விழுந்தது.

தெரு குறுகல். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். காரை வாசலை ஒட்டி நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, முன்பக்கத்து வலது சக்கரத்தைக் கழற்றினேன். இருபது பேர் கூடிவிட்டார்கள்.

(ஆறு பேர். அதில் இரண்டு பேர் வழி கேட்க நின்றவர்கள். — இந்த டைரியை மணியம்மாள் படிக்கிறாள் என்று தெரிந்துபோனது. படித்துவிட்டு சாட்சி சொல்கிறாள். இனி ஜாக்கிரதை.)

சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே கீழே ஒரு வட்டமான இரும்பு தெரிகிறது. அதுதான் கிராங்க் புல்லி. அது வெளியே வந்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கிற மூடி வரும். மூடி வந்தால்தான் பெல்ட்டுக்குப் போக முடியும். புல்லியின் நடு நெஞ்சில் ஒரு பெரிய போல்ட். அதைக் கழற்றவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஐந்து நிமிஷம்.

மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டார், இன்ஜின் சுற்றாமல் இருக்க. நான் திருகினேன். வரவில்லை.

"எந்தப் பக்கம் மாமா திருகறீங்க?" என்றார்.

"இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் எதிர்மரை மாப்ள. மத்ததெல்லாம் இடது பக்கம் திருகினா கழலும். இது வலது பக்கம். தெரியாதவன் தொட்டான்னா அன்னிக்கு முழுக்க இறுக்கிக்கினே இருப்பான்."

இதை எங்கே கேட்டேன்? லாரியில் ஏதோ ஒரு சக்கரத்துக்கு எதிர்மரை உண்டு. அது காருக்கும் பொருந்தாமலா போகும்.


31 ஆகஸ்ட், ஞாயிறு

நாள் முழுக்கத் திருகினேன். ஸ்பேனருக்குப் பின்னால் ஆறடி இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறியே நின்றேன். குழாய் வளைந்தது, போல்ட் அசையவில்லை. (மூன்றடிக் குழாய். வளைந்தது உண்மை.)

மத்தியானம் சம்பந்தி தறியிலிருந்து எழுந்து வெளியே வந்தார். பெல்ட்டோடு வாங்கி வந்திருந்த புது போல்ட் ஒன்று துணிமேல் கிடந்தது. பழையதைக் கழற்றினால் இதைத்தான் போடவேண்டும். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். நகத்தால் மரையின்மேல் ஒரு கோடு ஓட்டினார்.

"சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தி."

"நூலுக்கு முறுக்கு இருக்குது இல்ல, வலது முறுக்கு, இடது முறுக்குன்னு. கண்ணால பாத்தாலே சாய்மானத்துல தெரிஞ்சிடும். இதும் அப்படித்தான் சாஞ்சிருக்குது. எங்க வூட்டுக் கொழாயில இருக்குதே, அதே முறுக்குதான்."

சொல்லிவிட்டு போல்டை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

நான் கார் அடியில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். படுத்துக்கொண்டே வீட்டுக் குழாயை மனசுக்குள் திறந்து மூடிப் பார்த்தேன்.

அப்படியானால் இரண்டு நாளாக இறுக்கிக்கொண்டா இருந்தேன்?

மணியம்மாள் வாசற்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தையல்நாயகியிடம் சொல்கிறாள்: "மரை கழண்டது போல்ட்டுல இல்ல சம்பந்தியம்மா." இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

அவர் இன்று பேசியதை எண்ணவில்லை. ஆனால் ஏழுக்கு மேல் நிச்சயம்.


1 செப்டம்பர், திங்கள்

போல்ட் கழன்றது. இடது பக்கம் திருகித்தான். நான் இரண்டு நாள் இறுக்கியதையும் சேர்த்துக் கழற்றவேண்டியிருந்ததால் இது சாதாரண ஆளால் முடிகிற காரியம் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் புல்லி வரவில்லை. போல்ட்டே இல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே துரு பிடித்து இன்ஜின் தண்டோடு ஒன்றாகிவிட்டது.

"பேருலேயே இருக்குது மாப்ள. புல்லுன்னா இங்கிலீஷ்ல இழு. புல்லின்னா இழுக்கிற சாமான். இழுத்தா வந்துடும்."

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிப்ளமோ படித்தவர். கம்பெனிக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

இழுத்தேன். எண்ணெய் விட்டேன். தையல்நாயகி அம்மா அண்டாவில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார், அதை ஊற்றினேன். ஆவி வந்தது, புல்லி வரவில்லை. கடைசியில் சுத்தியலை எடுத்தேன்.

பத்து அடி அடித்திருப்பேன். தீபிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பா, போதும் பா. நீ ஒரு அடி அடிச்சா உள்ள ஒரு உதை வுடுது."

"தாளம் போடறான்மா என் பேரன். தாத்தா வேலை செய்யறது தெரியுது அவனுக்கு."

"தாளமும் வேணாம் மேளமும் வேணாம். முதுகு வலிக்குது பா."

சுத்தியலைக் கீழே வைத்தேன். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. தையல்நாயகி அம்மா ஓடிவந்து நாற்காலி போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சுத்தியலை சம்பந்தியே எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ வைத்துவிட்டார்.


2 செப்டம்பர், செவ்வாய்

விடிந்ததும் வெளியே வந்தால் தெருக் கோடியில் ஆட்கள். அந்தக் கோடியிலிருந்து தெருவோடு நீளமாகப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. ஆயிரக்கணக்கில் நூல், மாம்பழ நிறம், வெயில் பட்டதும் தெருவில் யாரோ தேனை ஊற்றியதுபோல இருந்தது. இந்த நேரத்தில் அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழையாது.

பாவு நம் கார் வரைக்கும் வந்து, அங்கே ஒரு முளை அடித்து, அதோடு முடிந்திருந்தது.

"பாதித் தெருவோட நிறுத்திட்டாங்களே, சின்னப் பாவா?" என்று கேட்டேன் தீபிகாவிடம்.

அவள் என்னைப் பார்த்த பார்வை அவள் அம்மாவுடையது.

"இன்னிக்கு மாமனாரோட முறை பா. அவருது முழுத் தெரு வேணும். வண்டி நடுவுல நிக்குது, சக்கரம் இல்ல, தள்ள முடியாது. அதான் முறைய எதுத்த வூட்டுக்காரருக்கு வுட்டுட்டாரு. அவங்களுது கொஞ்சம் நீளம் கம்மி. அடுத்த முறை எப்ப வருமோ. அதுவரைக்கும் இவரு தறி சும்மா கெடக்கும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"எப்படி சொல்லுவாரு? நீ சம்பந்தி. நீ வேர்க்க விறுவிறுக்க கார் அடியில கெடக்கிற. 'எடு'ன்னு சொன்னா உனக்கு மரியாதைக் குறைச்சலா ஆயிடுமாம். அத்தகிட்ட சொன்னாராம்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "இந்த வூட்ல என்னை இதுவரைக்கும் ஒரு பேச்சு பேசனது இல்ல பா. நீ டீக்கடையில பேசனதுகூட அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசனது இல்ல. வெள்ளிக்கிழம காலைல ஊரே வந்து நிக்கும். அன்னிக்கும் இந்த வண்டி ஒத்தச் சக்கரம் இல்லாம நின்னுச்சுன்னா, நான் ஆட்டோவுல வந்துடறேன், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இவங்க எதிர்ல உன்னைப் பாத்து யாராவது சிரிச்சா எனக்குத் தாங்காது."

தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாக.

இன்று வேலை எதுவும் செய்யவில்லை. எதிர்வீட்டுப் பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுந்த நூலை அறுந்த இடத்திலேயே எச்சில் தொட்டு முறுக்கி ஒட்டவைக்கிறார்கள். எது அறுந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. அவர்கள் நடந்துகொண்டே கண்டுபிடிக்கிறார்கள்.


3 செப்டம்பர், புதன்

காலையில் முனிசாமியின் ஷெட்டுக்குப் போனேன். எதற்கு என்று சொல்லாமல் நாலு விஷயம் பேசினேன். மழை, ஏரி, நெல். அவன் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"கேசவண்ணா, நீங்க எனக்கு ஸ்பேனர் புடிக்கக் கத்துக்குடுத்தது நேத்துதான் எனக்கே தெரியும். உங்க மாப்ள சொன்னாரு."

"சும்மா பேச்சுக்கு சொன்னதுப்பா."

"புல்லி வரலியா?"

"…வருது. கொஞ்சம் யோசிக்குது."

சிரிக்கவில்லை அவன். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம். எழுந்துபோய் சுவரில் மாட்டியிருந்த புல்லரை எடுத்துக் கொடுத்தான். ஒரு குறுக்குச் சட்டம், அதன் இரண்டு முனையிலும் நீளமான போல்ட், நடுவில் தடித்த திருகு. "ரெண்டு போல்டையும் புல்லியில இருக்கிற ரெண்டு ஓட்டையில ஏத்துங்க. நடுத் திருகு தண்டை அமுக்கும், புல்லி தானா பின்னாடி வரும். சட்டம் மட்டும் சாயக் கூடாது. சாஞ்சா இன்னும் கடிச்சிக்கும். சுத்தியல் வேணுமாண்ணா?"

"வேணாம்" என்றேன். அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து மணிக்குப் புல்லரைப் பூட்டினேன். கண்ணால் பார்த்தால் நேராகத்தான் இருந்தது. நடுத் திருகைத் திருகினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, கிறீச் என்று ஒரு சத்தம். புல்லியின் மேல்பக்கம் மயிரிழை நகர்ந்தது. கீழ்ப்பக்கம் அப்படியே. அதற்குமேல் திருகு இறுகி நின்றுவிட்டது. இன்னும் ஒரு பலம் போட்டால் ஏதோ ஒன்று உடையும். புல்லியா, திருகா, நானா, தெரியவில்லை. எண்ணெயும் வேர்வையும் கண்ணில் இறங்கி எரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது.

ஸ்பேனரைத் துணிமேல் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தறிச் சத்தம் இல்லை. தறிதான் சும்மா கிடக்கிறதே.

சம்பந்தி வந்து பக்கத்தில் குந்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருப் புழுதியில். புல்லரை ஒரு பார்வை பார்த்தார்.

"சாஞ்சிருக்குது சம்பந்தி."

"இல்லியே, நேராத்தானே இருக்குது."

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு துண்டு அரக்குப் பட்டு நூலை எடுத்தார். சட்டத்துக்கும் புல்லிக்கும் நடுவில், மேல்பக்கம் அதைப் பிடித்து, நகத்தால் அளவு கிள்ளினார். கீழ்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். எட்டவில்லை. ஒரு நெல் அகலம்கூட இருக்காது, அதில் பாதி.

"இவ்ளோதான். தறியில பாவு மரம் இவ்ளோ சாஞ்சா, ஆறு கெஜத்துல கரை நெளிஞ்சிடும்."

"எனக்குக் கண்ணுல படவே இல்லையே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நூலு எண்ணிக்கினு இருக்கிறவன் சம்பந்தி நானு. ஒரு நூலு வித்தியாசம்னாலும் பட்டுடும்."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. என் பேச்சு இரண்டு வருஷம் கழித்து, இஸ்திரி போட்டு மடித்து, என் கையில் திரும்பி வந்தது.

வாய் என்று ஒன்று எனக்கு இருந்ததே, அப்போது பார்த்து எங்கே போனது? "அது வந்து சம்பந்தி, அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன்.

"கீழ் போல்டை அரைச் சுத்து ஏத்துங்க" என்றார்.

ஏற்றினேன். நூல் வைத்தார். "இன்னும் கா சுத்து." ஏற்றினேன். நூல் வைத்தார். மேலும் கீழும் ஒரே அளவு. "இப்ப நடுவுல திருகுங்க. மெதுவா. கா சுத்துக்கு ஒரு தரம் நிறுத்துங்க." நான் கால் சுற்று திருகுவேன், அவர் நூல் வைப்பார், தலையாட்டுவார். மறுபடி கால் சுற்று. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவர் எண்ணியிருப்பார்.

தக்.

புல்லி என் மடியில் விழுந்தது. ஒரு பூசணிக்காய் கனம். இரண்டு பேரும் புழுதியில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்டின்மேல் செக்கச்செவேல் என்று துரு.

"இவ்ளோதானா?" என்றார் அவர்.

"இவ்ளோதான்" என்றேன் நான்.

தையல்நாயகி அம்மா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தார். எண்ணெய்க் கையோடு குடித்தோம்.


4 செப்டம்பர், வியாழன்

முனிசாமி வந்தான், புல்லரைத் திரும்ப வாங்கிப்போக. அப்படியே பார்வையாளராக இரண்டரை மணி நேரம் இருந்தான். புது பெல்ட்டை மேல் சக்கரத்தின் குறிக்கும் கீழ்ச் சக்கரத்தின் குறிக்கும் நேராகப் பொருத்தவேண்டும்; ஒரு பல் தவறினால் எல்லாம் தவறும். குறியைக் காட்டியது என் விரல். பொருத்தியது அவன் கை. இரண்டும் சமமான வேலைதான்.

தண்டில் இருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது முழுக்க நான். இதற்கு மணியம்மாளே சாட்சி.

மாலை நாலரைக்கு மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. அதுவரை தறி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த சம்பந்தி எழுந்து வாசலுக்கு வந்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

"தாளம் சரியா இருக்குது" என்றார்.


5 செப்டம்பர், வெள்ளி. வளைகாப்பு

தீபிகாவுக்கு இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம். பெண்கள் பாட, அவள் வெட்கப்பட, எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் சொந்தக்காரர் கலியாணசுந்தரம் என்பவர் கார் விஷயத்தைக் கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருக்கமுடியுமா? சொன்னேன். புல்லி பத்து வருஷத் துரு, கம்பெனிக்காரனாலேயே முடியாது, ஒரே ஆளாக, வெறுங்கையால், தெருவில் முப்பது பேர் நின்று பார்க்க. இலையில் கை நிற்க எல்லாரும் கேட்டார்கள். நூலைப் பற்றி மட்டும் — கதை நீளமாகிறது என்று விட்டுவிட்டேன்.

நிமிர்ந்தால் சம்பந்தி ரசம் ஊற்றிக்கொண்டு எதிரில் நிற்கிறார். முழுசும் கேட்டிருக்கிறார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா சம்பந்தி?" என்றார். அவ்வளவுதான்.

ரசம் இறங்கவில்லை.

காரில் தாமலுக்கு வந்தோம். வழியில் இன்ஜின் ஒரு முனகல் இல்லை. மணியம்மாள் பின் சீட்டில் தீபிகாவைச் சாய்த்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தாள். கேலிகூட இல்லை. அது கேலியைவிட மோசம்.


6 செப்டம்பர், சனி

நூலை ஏன் விட்டேன்?


16 செப்டம்பர், செவ்வாய்

சம்பந்தியின் பாவு முறை இன்று வந்ததாக மாப்பிள்ளை போன் செய்தார். விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். முளைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்தேன். மூன்று மணி நேரம். (இரண்டு.) கயிறு பிடிப்பது சும்மா என்று நினைத்தால் தப்பு, கை அசைந்தால் அத்தனை நூலும் அசைகிறது. சம்பந்தி இரண்டு தடவை "நேரா" என்றார். ஒரு தடவை "போதும்" என்றார். சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.


11 நவம்பர், செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தீபிகாவுக்கு வலி கண்டது. அதற்கென்றே மாப்பிள்ளை காரை ஒரு வாரமாகத் தாமலில் நிறுத்தி வைத்திருந்தார். சாவியைத் திருப்பினார், பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிஷம். பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தலை நிறைய முடி. தாயும் பிள்ளையும் நலம்.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்க வந்தவர்கள் கூட்டம். சம்பந்தி வீட்டு ஆட்கள், தாமல் ஆட்கள், முனிசாமிகூட ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்திருந்தான். யாரோ, நல்லவேளை கார் கையில இருந்தது என்றார்கள். உடனே சம்பந்தி ஆரம்பித்தார். இத்தனை பேச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அந்த வண்டிய எங்க கேசவன் பிரிச்சாரு பாருங்க. புல்லி ஒட்டிக்கினு வரவே மாட்டேன்னுது. கம்பெனிக்காரனாலயே முடியாது. ஒத்த ஆளா, வெறுங்கையால. முப்பது பேரு நின்னு பாத்தாங்க தெருவுல. இல்லப்பா கேசவா?"

நான் பந்தியில் சொன்னது. அதே வார்த்தை, அதே வரிசை. ஒன்று விடாமல் வைத்திருந்திருக்கிறார். என்னை மாட்டிவிடத்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. உண்மையிலேயே பெருமையாகச் சொல்கிறார். நூல் என்று ஒன்று இருந்ததையே சொல்லவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆறு பேரு" என்றேன்.

"எது?"

"பாத்தது ஆறு பேரு. அதுல ரெண்டு பேரு வழி கேக்க நின்னவங்க. ரெண்டு நாளு நான் போல்டை இறுக்கிக்கினு இருந்தேன். புல்லர் முனிசாமிது. பெல்ட்டப் போட்டதும் அவன்தான். சட்டம் சாஞ்சிருந்தது, எனக்குத் தெரியல. இவருதான் நூல் வெச்சிப் பாத்து, ஒரு நெல்லுல பாதி சாஞ்சிருக்குதுன்னு கண்டுபுடிச்சாரு. நூல் புடிச்சவரு கழட்டனதுதான் அந்தப் புல்லி. நான் திருகனேன், அவ்ளோதான்."

முனிசாமி, எதற்கும் சிரிக்காத பயல், திரும்பி நின்று தோள் குலுங்கினான்.

சம்பந்தி என் தோளில் கை வைத்தார். "இன்னாபா கேசவா, முப்பதுன்னாதான் கேக்க நல்லா இருக்குது" என்றார்.

மணியம்மாள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். நான் காத்திருந்தேன். திருத்த ஒன்றும் இல்லை என்று டைரியை மூடிக் கொடுத்துவிட்டாள்.